இரண்டு சர்வரிடமும் கேட்ட ஸ்வீட்டி

எங்கள் கட்டடத்தில் ஸ்வீட்டியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு குறைதான் சொல்வார்கள். முகம் கொடுத்துப் பேச மாட்டாள், கல்யாண வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவாள், முப்பத்திரண்டு வயதாகியும் மாப்பிள்ளை பார்க்க விட மாட்டாள் என்று அடுக்குவார்கள். இதையெல்லாம் சொல்கிற அதே ஆட்கள் வீட்டில் வைஃபை நின்றுபோனால் அவள் கதவைத்தான் போய்த் தட்டுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அதனால் அவளைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஷைனி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், அவள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வாய் அதிகம் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் ஸ்வீட்டி எங்கள் லேபுக்குள் கால் வைத்திருக்கவே முடியாது.

அவள் அப்பா தனசீலன் நாசரேத் பக்கத்து ஆள். தாதரில் ஒரு மொத்தக் கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா லூசியம்மாளுக்கு மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல். ஸ்வீட்டி ஏழாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தாள், பிறகு இங்கிலீஷ் மீடியம், அப்புறம் டிப்ளமா. இன்றைக்கும் தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கோபம் வந்தால் தமிழை விட்டுவிட்டு ஹிந்திக்குத் தாவிவிடுவாள். படிப்பு முடிந்ததும் நெட்வொர்க் கேபிள் இழுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ஏணியில் ஏறி ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டு வேலை பார்க்கிற பெண்ணை அப்போது இந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை. பாண்டுப்பில் ஒரு கடைக்காரர், கேபிள்காரன் எப்போது வருவான் என்று இவளிடமே கேட்டாராம். வந்தாச்சு என்று சொல்லிவிட்டு இவள் ஏணியை விரித்தாளாம். இப்போது அதே கம்பெனியில் பாண்டுப்பிலிருந்து தாதர் வரைக்கும் எந்தக் கிளினிக்கில் நெட்வொர்க் படுத்தாலும் முதல் போன் அவளுக்குத்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஒரே இடத்தில் கேட்டு நம்ப மாட்டாள். தாராவிச் சந்துக்குள் வழி கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒரு ஆள் கையைக் காட்டினால் அடுத்த முக்கில் இன்னொரு ஆளையும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள். இரண்டு வருஷம் முன்னால் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பேர் ஜெப்ரி. கோயிலில் விசாரித்தால் தங்கமான பையன் என்று ஒரே புகழ். லூசியம்மாள் நகைக்கடைக்குப் போகத் தயாராகிவிட்டாள். ஸ்வீட்டி சும்மா இருக்காமல் அந்தப் பையன் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஆபீசுக்கும் ஒரு போன் போட்டாள். அவன் வேலையை விட்டு எட்டு மாசம் ஆகிறது என்று அங்கே சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் வரன் கொண்டுவருகிறவர்களுக்கே பயம் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் லேபுக்குப் பழைய இடம் மாட்டுங்கா. முதலாளி ஒரு குஜராத்திக்காரர், நாங்கள் எல்லாரும் சேட் என்போம். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைப்பு. போன தீபாவளிக்கு முன்னால் செம்பூரில் பெரிய இடம் பிடித்து எங்களை அங்கே மாற்றினார். மாட்டுங்காவில் ரத்தம் எடுக்கிற கவுண்டர்களும், ரிப்போர்ட் சாஃப்ட்வேர் ஓடுகிற பழைய மெஷினும் மட்டும் நின்றுகொண்டன. அந்த மாட்டுங்கா கவுண்டரில்தான் முத்துமாரி இருந்தாள்.

முத்துமாரியும் தாராவிதான். வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் தோல்பை பட்டறையில் தைக்கிறார். பட்டறையில் ஆர்டர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. முத்துமாரி சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது, அப்படி ஒரு கை அவளுக்கு. பொங்கல் கழிந்து அவளை பெர்மனன்ட் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது.

பொங்கலும் கழிந்தது. அந்த வாரம்தான் அணுசக்தி நகரிலிருந்து ஒரு பெரியவரின் மகள் லேபுக்கு வந்து சத்தம் போட்டாள். அவள் அப்பாவுக்கு டிசம்பரில் தைராய்டு பார்த்திருக்கிறோம். எங்கள் பரிசோதனை மெஷின் 12.4 என்று காட்டியது ரிப்போர்ட்டில் 1.24 ஆகியிருக்கிறது, எங்கள் லேப் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே ரிப்போர்ட் வெளியே போயிருக்கிறது. நல்லவேளை, அவர்களுடைய டாக்டர் சந்தேகப்பட்டு வேறு இடத்தில் பார்க்கச் சொன்னதால் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யார் புள்ளியை மாற்றியது?

எங்கள் சாஃப்ட்வேரில் யார் எந்த நேரத்தில் ரிப்போர்ட்டைத் தொட்டார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். ஆள் பெயர் அதில் வராது. ஏனென்றால் லேப் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்ட். ஆளுக்கொன்று வைக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, தனக்கு ஞாபகம் இருக்காது என்று சேட் விடவில்லை. அதனால் எந்த மெஷினிலிருந்து தொட்டார்கள் என்று மட்டும்தான் பதிவில் தெரியும். அந்த மெஷின் பெயர் மாட்டுங்கா-2 என்று வந்தது. மாட்டுங்கா-2 முத்துமாரியின் கவுண்டர்.

சேட் நேராக மாட்டுங்காவுக்குப் போனார். ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்து, பக்ஷீஷ் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டை முன்கூட்டி அனுப்பினாய் என்று அவளைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். திருட்டுப் பழக்கம் என்றார். இந்த மாசம் முடிகிற அன்று ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், மற்ற லேப்காரர்களுக்கும் தானே போன் பண்ணிச் சொல்வேன் என்றார். இந்தத் தொழிலில் அவர் சொன்னால் சொன்னதுதான். தாதரில் இருந்து முலுண்ட் வரை ஒரு லேபும் அவளை எடுக்காது.

அன்று சாயங்காலம் முத்துமாரி என் வீட்டுக்கு வந்து அழக்கூட இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். "யக்கா, அன்னைக்கு நான் அந்த ரிப்போர்ட்டத் தொறக்கவே இல்ல. எம்பிள்ளைங்க மேல சத்தியம்" என்றாள். அவள் சத்தியம் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆறு வருஷமாக அவளை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் நான் சேட்டின் கேபினுக்குப் போய் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். எங்கள் சிஸ்டம் ஆள் பிரம்மநாயகம் அண்ணாச்சியும் அங்கே இருந்தார். திருநெல்வேலிக்காரர், சேட்டிடம் இருபது வருஷமாக இருக்கிறார், நெற்றியில் விபூதி காய்ந்திருக்காத நாள் கிடையாது. அவர் நல்லவர்தான், அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "தாயி, மனுசன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார். மெஷின் பெயர் இருக்கிறது, அது போதும் என்றார் சேட். எனக்குத் தெரிந்த ஒரு ஆள் வந்து அந்தப் பதிவைப் பார்க்கட்டும், அரை நாள் கொடுங்கள் என்று நான் விடாமல் நின்றேன். என் சத்தம் வெளியே பேஷண்ட்டுகளுக்குக் கேட்கிறது என்ற பயத்தில்தான் சேட் சரி என்றார். ஆனால் சர்வர் ரூமுக்குள் வெளியாள் வரக்கூடாது என்று அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார்.

ஸ்வீட்டி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எக்கா, அந்தப் பதிவுக்கு மெஷினோட பேரு எப்படித் தெரியும்?"

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. மெஷின் பெயர் மெஷினுக்குத் தெரியாதா என்றேன். தெரியாது என்றாள். நெட்வொர்க்கில் ஒரு மெஷின் இன்னொன்றோடு பேசும்போது எண் மட்டும்தான் போய்ச் சேருமாம். பெயர் வேண்டும் என்றால், இந்த எண் யாருடையது என்று டி.என்.எஸ். சர்வரிடம் போய்க் கேட்க வேண்டும். அதுதான் எண்களையும் பெயர்களையும் வைத்திருக்கிற இடம். பெயரைச் சொல்லி எண் கேட்பது ஒரு பட்டியல், எண்ணைச் சொல்லிப் பெயர் கேட்பது வேறொரு பட்டியல். சேட்டின் பதிவு இந்த இரண்டாவது பட்டியலை நம்பித்தான் மாட்டுங்கா-2 என்று எழுதியிருக்கிறது. உன் போனில் மிஸ்டு கால் வந்தால் பெயர் தெரிகிறதே, அது கூப்பிட்ட ஆள் சொன்ன பெயரா, நீ சேமித்து வைத்த பெயரா என்று கேட்டாள். நான் சேமித்ததுதான் என்றேன். அந்த ஆள் நம்பரை விட்டுவிட்டு வேறு யாரோ அதை வாங்கியிருந்தால்? அப்போதும் என் போன் பழைய ஆளின் பெயரைத்தான் காட்டும். எனக்கு அப்போதுதான் ஒரு தெம்பு வந்தது.

சர்வர் ரூம் எதற்கு, கேள்வி கேட்க யாரும் தடை சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, என் மேஜையிலேயே என் மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அவள் கறுப்புத் திரையைத் திறந்து முதலில் என் மெஷினின் எண்ணையே கொடுத்து, இது யார் என்று கேட்டாள். செம்பூர்-ரிப்போர்ட் என்று பதில் வந்தது. சரியான பெயர். இன்னும் நாலைந்து எண்களைக் கேட்டாள். எல்லாம் சரியான பெயர்.

அண்ணாச்சி லேசாகச் சிரித்தார். எனக்குத் தெம்பெல்லாம் வடிந்துவிட்டது. ஸ்வீட்டி அசரவில்லை. லேபில் எத்தனை டி.என்.எஸ். சர்வர் என்று அவரைக் கேட்டாள். இரண்டு என்றார். முதலாவது இங்கே செம்பூரில், பட்டியலை அவர் எழுதுவது இதில்தான். இரண்டாவது மாட்டுங்காவில், இதிலிருந்து அது தானாக நகல் எடுத்துக்கொள்ளும். இங்கே சரியாக இருந்தால் அங்கேயும் சரியாகத்தான் இருக்கும் என்றார். ரிப்போர்ட் சாஃப்ட்வேர் எந்த சர்வரைக் கேட்கும் என்றாள். அது ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற மாட்டுங்கா சர்வரைத்தான் என்றார்.

"அப்ப அதையும் ஒரு வார்த்த கேட்டுருவோம் அண்ணாச்சி" என்றாள்.

மறுபடியும் என் மெஷினின் எண். இந்தத் தடவை மாட்டுங்கா சர்வரின் முகவரியைப் போட்டு, அதனிடமே கேட்டாள். மாட்டுங்கா-5 என்று பதில் வந்தது.

நான் திரையைப் பார்த்தேன், என் நாற்காலியைப் பார்த்தேன். செம்பூரில் என் மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் மெஷின் மாட்டுங்காவில் இருக்கிறது என்கிறது அது. அண்ணாச்சி கட்டியிருந்த கையை எடுத்துவிட்டார். ஸ்வீட்டி எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். செம்பூர் மெஷின் ஒவ்வொன்றுக்கும் மாட்டுங்கா சர்வர் ஒரு மாட்டுங்கா பெயரைச் சொன்னது. மாட்டுங்காவில் இப்போது இருக்கிற மெஷின்களைக் கேட்டால், பெயரே தெரியாது என்றது.

அண்ணாச்சி, இடம் மாறும்போது தான் செய்ததைச் சொன்னார். மாட்டுங்காவில் இருந்த எண் வரிசையை மெஷின்களோடு அப்படியே செம்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார். மாட்டுங்காவில் மிச்சம் நின்ற கவுண்டர்களுக்குப் புது வரிசை கொடுத்தார். ஆக, எண்கள் மாறிவிட்டன, மாட்டுங்கா சர்வர் மட்டும் இன்னும் பழைய பட்டியலையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பதிவின் பிரிண்ட் முழுவதையும் எடுத்துவரச் சொன்னேன். சேட் அதுவரை ஒரு வரியைத்தான் பார்த்திருந்தார், மற்ற வரிகளை யாரும் பார்க்கவே இல்லை. பார்த்தால், பெயர் இருக்கிற வரி எல்லாம் மாட்டுங்கா. மற்றவை வெறும் எண். அந்த வெறும் எண்தான் செம்பூர் மெஷின், புது இடமல்லவா, இன்னும் பெயர் வரவில்லை என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஸ்வீட்டி ஞாயிற்றுக்கிழமை வரிகளை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மூடியிருக்கும், செம்பூர் மட்டும்தான் திறந்திருக்கும். அந்த ஞாயிறுகளில் எல்லாம் மாட்டுங்கா-2ம் மாட்டுங்கா-5ம் பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தன. பதிவின் கணக்குப்படி தீபாவளியிலிருந்து செம்பூர்க்காரர்கள் ஒருவரும் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. நான் உட்பட.

சேட்டைக் கூப்பிட்டோம். அவர் வந்து நின்று பிரிண்டைப் பார்த்தார். குழப்பம் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் முத்துமாரி விஷயத்தில் இறங்கி வரவில்லை. பட்டியல் எப்போதிலிருந்து தப்பு, டிசம்பரில் சரியாக இருந்து இப்போது கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். எனக்கு அவரை அந்த இடத்திலேயே கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

நகல் ஏன் நின்றது, என்றைக்கு நின்றது என்று கண்டுபிடித்தால்தான் அவர் வாயை அடைக்க முடியும். ஸ்வீட்டி இரண்டு சர்வரிடமும் இன்னொரு கேள்வி கேட்டாள். அந்தப் பட்டியலின் தலைப்பில் ஒரு வரிசை எண் உண்டாம். பட்டியலில் எதைத் திருத்தினாலும் அந்த எண்ணைக் கூட்டிவைக்க வேண்டும். இரண்டாவது சர்வர் அவ்வப்போது எட்டிப் பார்த்து, அந்த எண் தன்னிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால் புதுப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தன்னிடம் இருப்பதே புதுசு என்று பேசாமல் இருந்துவிடும். மாட்டுங்கா சர்வர் தன் எண் 61 என்றது. செம்பூர் சர்வர் 4 என்றது.

"அண்ணாச்சி, அறுபத்தொண்ணு எப்படி நாலாச்சு?" என்றாள் ஸ்வீட்டி.

பிரம்மநாயகம் அண்ணாச்சி சேட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். தீபாவளி அன்று சேட்டின் ஆபீசில் லட்சுமி பூஜை நடக்கும். வருஷம் முழுவதும் நடந்த பில் புத்தகத்தை எல்லாம் மூடிவைத்துவிட்டு, புதுப் புத்தகத்துக்குக் குங்குமம் வைத்து, பில் நம்பரை ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். இருபது வருஷமாக அந்தப் பூஜையில் நிற்கிற ஆள் அண்ணாச்சி. செம்பூரில் புது இடம், புது வருஷம், சர்வருக்கும் சந்தனம் வைத்தார். பெயரிலிருந்து எண் பார்க்கிற பட்டியலை அதற்கு முந்தின வாரமே திருத்தி முடித்துவிட்டார். எண்ணிலிருந்து பெயர் பார்க்கிற பட்டியல்தான் பாக்கி. அதை அன்றைக்குப் புதிதாக எழுதும்போது, நல்ல நாளில் பழைய கணக்கு எதற்கு என்று தலைப்பு எண்ணையும் ஒன்று என்று போட்டுவிட்டார். அப்புறம் மூன்று தடவை திருத்தியதில் அது நாலாகியிருக்கிறது. மாட்டுங்கா சர்வருக்குப் பூஜை தெரியுமா, புது வருஷம் தெரியுமா? அறுபத்தொன்றுக்கு முன்னால் நாலு பழசு என்று அது தீபாவளியிலிருந்து புதுப் பட்டியலைத் தொடவே இல்லை.

அவரே சர்வர் ரூமுக்குப் போய் மாட்டுங்கா சர்வரின் குறிப்புகளைத் திறந்து கொண்டுவந்தார். தீபாவளி நாளிலிருந்து திரும்பத் திரும்ப ஒரே வரி இருந்தது. வந்த எண் என் எண்ணைவிடச் சிறியது, எடுக்கவில்லை. டிசம்பரிலும் அதேதான். சேட் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அண்ணாச்சியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே. கண் கலங்கிவிட்டது. "என் கைவேலைதான் சேட்ஜி. அந்தப் பிள்ளைய நான்தான் மாட்டிவிட்டிருக்கேன்" என்று ஹிந்தியும் தமிழும் கலந்து சொன்னார். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. இப்படி ஒத்துக்கொள்கிற ஆம்பிளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்வீட்டி எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். நீங்களே சரிபண்ணுங்கள், உங்கள் சர்வர் என்றாள். அவர் தலைப்பு எண்ணை அறுபத்திரண்டு என்று மாற்றிவிட்டு, பட்டியலைத் திரும்ப ஏற்றினார். உடனே மாட்டுங்காவுக்குத் தகவல் போனது. அந்த சர்வர் எட்டிப் பார்த்தது, அறுபத்திரண்டு பெரிது என்று கண்டது, முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டது. ஸ்வீட்டி என் மெஷினின் எண்ணை இரண்டு சர்வரிடமும் கேட்டாள். இரண்டும் செம்பூர்-ரிப்போர்ட் என்றன. நான் கை தட்டிவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த பேஷண்ட்டுகள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இனி ஒரே ஒரு எண்தான் பாக்கி. டிசம்பரில் அந்தப் பெரியவரின் ரிப்போர்ட்டைத் திருத்திய மெஷினின் எண். பதிவு அதற்கு மாட்டுங்கா-2 என்று பழைய பெயரைப் போட்டிருந்தாலும், எண்ணும் பக்கத்திலேயே இருந்தது. பன்னிரண்டில் முடிகிற எண். தீபாவளியிலிருந்து அந்த எண் வேறு யாருக்கும் போகவில்லை என்று அண்ணாச்சி உறுதியாகச் சொன்னார். யாராக இருந்தாலும் இன்றைக்கே வெளியே போகட்டும் என்று சேட் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார்.

ஸ்வீட்டி முதல் சர்வரிடம் கேட்டாள். சேட்-கேபின் என்று வந்தது.

அவள் இரண்டாவது சர்வரிடமும் கேட்டாள். அதுவும் சேட்-கேபின் என்றது.

சேட்டின் கேபினில் சேட்டைத் தவிர யாரும் உட்கார முடியாது. சாவி அவர் இடுப்பில். அவர் நிமிர்ந்தார், எங்களைப் பார்த்தார், பிரிண்டைக் கையில் வாங்கி அந்தத் தேதியை மறுபடியும் பார்த்தார். ஞாபகம் வருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. காலையில் அவரோடு வாக்கிங் போகிற நண்பர் போன் பண்ணி, தனக்குத் தெரிந்தவர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார் என்று சாம்பிள் நம்பரைச் சொல்லியிருக்கிறார். இவர் திறந்து பார்த்திருக்கிறார். தைராய்டு பன்னிரண்டுக்கு மேல் எப்படி இருக்கும், டெக்னீஷியன் புள்ளியைத் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று தானே திருத்தி அனுப்பிவிட்டார். டாக்டரையும் கேட்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வேலையில் அதுவும் ஒரு வேலை, அன்றைக்கே மறந்தும் போனார். பேஷண்ட்டின் பெயரைக்கூட அவர் கவனிக்கவில்லை. இவ்வளவையும் அவரே சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்வீட்டி அவரிடம் ஹிந்தியில் பேசினாள். சத்தம் போடவே இல்லை. மெஷின் பெயர் இருந்தால் போதும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், இப்போது பெயர் இருக்கிறது என்றாள். அவளைத் திருடி என்று எந்த இடத்தில் வைத்துச் சொன்னீர்களோ அந்த இடத்தில் வைத்து அதைத் திரும்ப எடுங்கள், போனில் வேண்டாம் என்றாள். நான் அரை மணி நேரம் கத்தியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போதே சேட்டின் காரில் கிளம்பினோம். முன்னால் சேட், பின்னால் ஸ்வீட்டியும் நானும். சயன் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஸ்வீட்டி மட்டும், எல்லாருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் போடுவதற்கு அண்ணாச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். சேட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாட்டுங்காவில் பெஞ்சு நிறைய ஆட்கள். முத்துமாரி ஒரு பாட்டியின் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது, ஆனால் பஞ்சை எடுக்கவில்லை. சேட் உள் அறைக்கு வரும்படி சைகை காட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. பாட்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டி முடித்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இங்கேயே சொல்லுங்கள் என்றாள்.

சேட் சுற்றிலும் பார்த்தார். பிறகு சொன்னார். "கல்தி மேரி தீ, முத்துமாரி. தேரி நஹி." தப்பு தன்னுடையது, அவளுடையது இல்லை, ரிப்போர்ட்டை மாற்றியதும் தான்தான், இந்த மாசத்திலிருந்து நீ பெர்மனன்ட் என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்துமாரி அவ்வளவையும் கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க என்னச் சொன்னப்ப தரை தொடைக்கிற பஞ்சக்காவும் நின்னு கேட்டாங்க சேட்ஜி. அவங்க இப்ப உள்ள இருக்காங்க" என்றாள். திரும்பி உள்ளே பார்த்து, "பஞ்சக்கா, செத்த வாங்க" என்று கூப்பிட்டாள்.

பஞ்சக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். சேட் அவள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.